அகழாய்வுக் குழியோரம் ஒரு செயலி

தொல்லியல் தளத்துக்குச் செயலி வேண்டும் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது முப்பரிமாணக் காட்சிதான். சிக்கலோ வாசலிலேயே தொடங்கிவிடும். கையில் டிக்கெட், இடுப்பில் குழந்தை, போனில் ஒற்றைக் கோடு சிக்னல். இந்த நிலையில் 200 எம்பி இறக்கச் சொன்னால் யார் காத்திருப்பார்? க்யூஆரை ஸ்கேன் செய்ததும் பிரவுசரிலேயே திறக்கும் பக்கம் போதும். ஒவ்வோர் இடத்துக்கும் விளக்கம் சொல்லும் ஒலிப்பதிவு 64 கேபிபிஎஸ் மோனோ தரத்தில் நிமிடத்துக்கு அரை எம்பிதான். 20 இடங்கள், இடத்துக்கு ஒன்றரை நிமிடம் என்றால் மொத்தம் 15 எம்பி. வாசல் வைஃபையில் இறக்கிவிட்டால் உள்ளே நெட் தேவையில்லை.

ஒரு மீட்டர் தள்ளி நின்று ஸ்கேன் செய்ய க்யூஆர் 10 செ.மீ. அகலமாவது இருக்கட்டும். பளபளப்பான லேமினேஷன் வேண்டாம். உச்சி வெயிலில் கண்ணாடி போல மின்னும், கேமரா திணறும்.

ஜிபிஎஸ்ஸை நம்பி ஒலியைத் தானாக ஓடவிடுவது பெரிய தலைவலி. திறந்தவெளியிலேயே போன் காட்டும் இடம் 5 மீட்டர் வரை தள்ளிப்போகும். குழிகளோ 5 மீட்டர் கட்டங்களில், அரை மீட்டர் மண்வரப்பு விட்டுத் தோண்டியவை. உறைகிணற்றின் முன் நிற்பவருக்குப் பக்கத்துக் குழியின் செங்கல் தரை விளக்கம் கேட்கும். அருங்காட்சியகத்துக்குள் புளூடூத் பீக்கனும் (அருகில் வரும் போனுக்குச் சிக்னல் அனுப்பும் சிறு கருவி) இப்படித்தான்: மனித உடம்பு அந்த அலையை உறிஞ்சுவதால், கூட்டம் சேர்ந்தால் கணக்கு பிசகும். பலகையில் 14 என்று எழுதி, அதையே போனில் அழுத்தச் சொல்வது பழைய முறைதான், ஆனால் தவறாது.

ஏஆர், அதாவது போன் கேமராவில் தெரியும் இடத்தின் மேலேயே பழைய கட்டடத்தை வரைந்து காட்டும் நுட்பம், காலையில் அழகாக நிற்கும். மாலையில் நிழல் திசை மாறியதும் அதே சுவரைக் கேமராவுக்கு அடையாளம் தெரியாது. இரும்புக் கம்பிவேலி அருகே திசைகாட்டியும் குழம்பி, கட்டடமே திரும்பி நிற்கும். போனை உயர்த்தியபடி பின்வாங்குபவர் குழி விளிம்பைக் கவனிக்கமாட்டார் என்பதால், கைப்பிடி இல்லாத இடத்தில் ஏஆர் வைக்கவே கூடாது.

இதையெல்லாம்விட முக்கியமானது, எது சான்று, எது ஊகம் என்று காட்டுவது. தொல்பொருள்களையும் தளங்களையும் கணினியில் காட்சிப்படுத்துவதற்கான சர்வதேச வழிகாட்டிகளான 2006இன் லண்டன் சாசனமும் 2011இன் செவில் கோட்பாடுகளும் வலியுறுத்துவது இதைத்தான். கிடைத்தவை அடித்தளமும் கம்பக்குழிகளும் ஓட்டுத்துண்டுகளும். கூரையின் உயரம் ஊகம். கிடைத்த பகுதியை அழுத்தமான நிறத்திலும் மற்றதை வெளிறிய கோட்டிலும் வரையுங்கள். அழகு கெடுகிறது என்று வடிவமைப்பாளர் முணுமுணுப்பார்; இந்த ஓர் இடத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

தனிச் செயலியாகவே வேண்டும் என்றால், திறப்பு விழாவுக்குப் பிந்தைய செலவையும் இப்போதே ஒதுக்குங்கள். காலத்துக்கேற்பப் புதுப்பிக்காத செயலியைப் புதிய ஆண்ட்ராய்டு போன்களுக்கு பிளே ஸ்டோர் காட்டாது. டெவலப்பர் கணக்கும் மூலக்கோப்புகளும் தளத்தை நிர்வகிப்பவர் கையில் இருக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது நல்லது.