மாட்டைத் தெரியாத சிவப்பு லைற்

கனடாவிலிருந்து வந்து நிற்கிற மச்சான் நேற்றிரவு பரந்தனில் எங்கள் விறாந்தையில் இருந்து சொன்ன கதை. அங்கே நடுச்சாமத்தில் சிவப்பு லைற்றில் தனியாக நின்றானாம். மாறவே இல்லை. காரை ஒரு முழம் முன்னுக்கு எடுத்தானாம், கொஞ்ச நேரத்தில் பச்சை.

"பாரம் பட்டுத்தானே மாறுது?" என்றார் அப்பா.

இல்லை. தார் ரோட்டை வெட்டி, வயரைச் சதுரமாகச் சுற்றிப் புதைத்திருப்பார்கள். அதில் மாறுமின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். மேலே கார் வந்தால் அதன் உலோகத்தில் சுழல் மின்னோட்டம் (உலோகத்துக்குள்ளேயே வட்டமாகச் சுற்றுகிற மின்சாரம்) உண்டாகி, வயரின் தூண்டல், அதாவது மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கிற தன்மை, குறையும்; அதனால் மின்னோட்டம் மாறி மாறி ஓடுகிற வேகமான அதிர்வெண் கூடும். ஓரத்துப் பெட்டி அதைப் பிடித்துக்கொண்டு பச்சை கேட்கும். பின்னால் கார் வர வர பச்சை சில விநாடி நீளும், ஆனால் அதற்கும் ஒரு எல்லை வைத்திருப்பார்கள். (கேமரா, ராடார் வைத்த சந்திகளும் உண்டு, அது வேறு கதை.)

அப்பா டக்கென்று பிடித்துவிட்டார்: "முகமாலையில மிதிவெடி எடுக்கிற பிள்ளையள் தடியில கொண்டு திரியிற வட்டம் மாதிரி."

அதேதான். அங்கே சுருள் நடக்கிறது, இங்கே கார்.

சைக்கிள்காரர் அந்த வெட்டுக் கோட்டுக்கு மேலேயே சில்லை வைத்து நின்றால்தான் ஓரளவு தெரியும். ஏ9 ரோட்டில் இரவில் படுத்திருக்கிற எங்கள் மாடுகளோ? மாட்டில் உலோகம் இல்லையே, பத்து மாடு படுத்தாலும் அந்த வயருக்கு ரோட்டு வெறும் ரோட்டுத்தான்.