முற்றுவினையை எண்ணுங்கள்: மெயின் க்ளாஸ், சபார்டினேட் க்ளாஸ்

ஆங்கில வாக்கியத்தில் எழுவாயும் வினையும் கொண்ட ஒரு தொடர் (clause) தனியாக நின்று பொருள் தந்தால் மெயின் க்ளாஸ், அதாவது முதன்மைத் தொடர்; தராவிட்டால் சபார்டினேட் க்ளாஸ், அதாவது சார்புத் தொடர் என்றுதான் பெரும்பாலும் சொல்லித் தருகிறார்கள். 'வாட் ஹி செட் இஸ் ட்ரூ' என்ற சின்ன வாக்கியத்திலேயே இந்த விதி படுத்துவிடும். 'வாட் ஹி செட்' சார்புத் தொடர். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது 'இஸ் ட்ரூ'. அது மட்டும் தனியாக நிற்குமா என்ன? பொருளை நம்புவதைவிட வினையை எண்ணுவது உத்தமம்.

முதலில் காலம் காட்டும் வினைகளை, அதாவது முற்றுவினைகளை மட்டும் அடிக்கோடிடுங்கள். 'கோஸ்', 'வென்ட்', 'வில் கோ' கணக்கில் வரும். 'டு கோ', துணைவினை இல்லாத 'கோயிங்' வராது. 'ஹேஸ் பீன் வெயிட்டிங்' மூன்று சொல்லானாலும் ஒரே வினைதான். அடுத்து வென், இஃப், பிகாஸ், ஆல்தோ, தட், ஹூ, விச் போன்ற இணைப்புச் சொற்களை வட்டமிடுங்கள். 'ஆஃப்டர் லஞ்ச்' என்பதில் ஆஃப்டருக்குப் பின்னால் வினையே இல்லை, அதனால் வட்டம் வேண்டாம். 'ஆஃப்டர் வி ஏட்' என்றால் வட்டம் உண்டு. வினைகளைவிட வட்டங்கள் ஒன்று குறைவாக இருக்க வேண்டும். எந்த வட்டத்திலும் சேராமல் நிற்கும் வினைதான் முதன்மைத் தொடருடையது. ஆண்ட், பட், சோ மூன்றும் எண்ணிக்கையில் சேரும், ஆனால் தொடரைச் சார்பாக்காது. சமமான இரண்டைச் சேர்த்து வைப்பதோடு சரி.

கொஞ்சம் நீளமான ஒன்று: 'வென் தி பஸ் தட் கோஸ் டு தாம்பரம் அரைவ்ட், வி வேர் ஸ்டேண்டிங் அண்டர் எ ட்ரீ பிகாஸ் இட் வாஸ் ரெய்னிங்.' வினைகள் நான்கு: கோஸ், அரைவ்ட், வேர் ஸ்டேண்டிங், வாஸ் ரெய்னிங். இணைப்புகள் மூன்று: வென், தட், பிகாஸ். முதலில் வரும் வினை 'கோஸ்' என்பதால் அதை 'வென்' உடன் சேர்த்துவிடுவார்கள். கணக்கில் அடைப்புக்குறி போடுவது போலத்தான் இதுவும்: கடைசியாகத் திறந்தது முதலில் மூடும். 'தட்' எடுத்துக்கொள்வது 'கோஸ்'. 'வென்' எடுத்துக்கொள்வது 'அரைவ்ட்'. 'பிகாஸ்' எடுத்துக்கொள்வது 'வாஸ் ரெய்னிங்'. மிஞ்சும் 'வேர் ஸ்டேண்டிங்'தான் முதன்மை.

இருக்க வேண்டிய கணக்கிலும் வட்டம் ஒன்று குறைந்தால் உடனே தப்பு என்று முடிவு கட்டாதீர்கள். 'தி புக் ஐ பாட் இஸ் காஸ்ட்லி' சரியான வாக்கியம்; 'தட்' மறைந்திருக்கிறது. 'புக்' என்ற பெயரை ஒட்டியே 'ஐ' என்று இன்னொரு எழுவாய் வருகிறதே, அதுதான் அடையாளம்.

நமக்கு இது ஏன் இடறுகிறது? 'பஸ் வந்தால் போவோம்' என்பதில் 'வந்தால்' எச்சம், 'போவோம்' மட்டுமே முற்று. ஆங்கிலத்தில் 'இஃப் தி பஸ் கம்ஸ், வி வில் கோ' என்று இரண்டு பக்கமும் முற்றுவினை. சார்புத் தொடரும் முழு வாக்கியம் போலவே காட்சி தருவதால், முற்றுப்புள்ளி கண்ட இடத்தில் விழுகிறது. விடுப்புக் கடிதங்களில் 'ஐ ஆம் நாட் கமிங். பிகாஸ் ஐ ஹேவ் ஃபீவர்.' என்று வருவது இப்படித்தான். இரண்டாம் பாதியில் ஒரு வினை, ஒரு இணைப்பு. முதன்மைத் தொடரே இல்லை. புள்ளியை எடுத்தால் சரியாகிவிடும். 'இட் வாஸ் லேட், வி வென்ட் ஹோம்' இதற்கு நேரெதிர்: இரண்டு வினை, இணைப்பே இல்லை, காற்புள்ளி அந்த வேலையைச் செய்யாது. 'ஆல்தோ ஹி இஸ் ரிச், பட் ஹி இஸ் நாட் ஹேப்பி' என்பதில் இணைப்பு ஒன்று அதிகம். ஆல்தோ, பட் இரண்டில் ஒன்றை அடியுங்கள்.

எண்ணிக்கையில் சிக்காத தப்புகளும் உண்டு. 'இஃப் ஹி வில் கம்' என்று எதிர்காலம் போடுவது ஒன்று; வருவதைச் சொல்ல 'இஃப் ஹி கம்ஸ்' போதும். 'ஐ டோன்ட் நோ வேர் இஸ் ஹி' இன்னொன்று. சார்புத் தொடருக்குள் கேள்வியின் சொல்வரிசை கூடாது, 'வேர் ஹி இஸ்' என்றே வரும். 'தி பென் விச் ஐ பாட் இட்' என்பதில் செயப்படுபொருளாக 'விச்' ஏற்கெனவே இருக்கிறது, 'இட்' தேவையில்லை.

தேர்வில் சிம்பிளை (ஒரே முதன்மைத் தொடர் உள்ள வாக்கியம்) காம்ப்ளெக்ஸாக (சார்புத் தொடரும் சேர்ந்த வாக்கியம்) மாற்றச் சொன்னாலும் இதே கணக்குதான். 'இன் ஸ்பைட் ஆஃப் தி ரெய்ன், தே ப்ளேட்' என்பதில் வினை ஒன்று. காம்ப்ளெக்ஸுக்கு இரண்டாவது வினையும் ஒரு சார்பு இணைப்பும் வேண்டும்: 'ஆல்தோ இட் ரெய்ன்ட், தே ப்ளேட்'. அவசரத்தில் 'இன் ஸ்பைட் ஆஃப் இட் ரெய்ன்ட்' என்று எழுதிவிட்டு வருகிறவர்கள் நிறைய. 'இன் ஸ்பைட் ஆஃப்', 'பிகாஸ் ஆஃப்' இரண்டுக்கும் பின்னால் பெயர்தான் வரும், எழுவாயும் முற்றுவினையும் சேர்ந்து வராது.