தரைக்கு வராத கூலன்ட்

கார் இன்ஜினைக் குளிர்விக்கிற திரவமான கூலன்ட் ஒரேயடியாகக் கொட்டினால் அதில் குழப்பமே இல்லை. தரை நனையும், பானெட்டிலிருந்து ஆவி கிளம்பும், வண்டியை ஓரங்கட்டிவிட்டு உதவிக்கு ஆள் கூப்பிட வேண்டியதுதான். ஆளைப் படுத்துவது மெதுவாகக் குறைகிற கூலன்ட். கூலன்ட் டேங்கில் மேல் கோட்டை ஒட்டி இருந்தது, சில வாரம் கழித்துப் பார்த்தால் கீழ்க்கோட்டில் நிற்கிறது, ஆனால் வண்டி நிற்கிற இடத்தில் ஒரு சொட்டு ஈரம் கிடையாது. என் காரில் இதுதான் நடந்தது, விசாரித்த இடத்தில் எல்லாம் "கொஞ்சம் குறையத்தான் செய்யும் சார், ஊத்திக்கிட்டே ஓட்டுங்க" என்றே பதில் வந்தது.

எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கூலன்ட் ஓடுவது மூடிய பாதையில். இன்ஜினைச் சுற்றி, ரேடியேட்டருக்குப் போய், திரும்ப இன்ஜினுக்கே வருகிறது, எரிந்து தீர்வதற்கு அது பெட்ரோல் இல்லை. வருடக்கணக்கில் ஒரு விரல்கடை குறைந்தால் சரி, விட்டுவிடலாம். சில வாரத்துக்கு ஒருமுறை பாட்டிலைத் திறக்க வேண்டியிருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

ஆனால் தேடுவதற்கு முன்னால், நிஜமாகவே குறைகிறதா என்று உறுதி செய்துகொள்வது நல்லது. சூட்டில் கூலன்ட் விரிந்து மட்டம் ஏறும், ஆறினால் இறங்கும். மாலையில் வந்து நிறுத்தியதும் ஒருநாள், காலையில் எடுக்கும் முன் ஒருநாள் என்று பார்த்தால் வீண் பயம்தான் மிஞ்சும். காலையில், இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது, வண்டி சமதளத்தில் நிற்கும்போது, டேங்கில் ஒரு துண்டு டேப் ஒட்டிக் கோடு போட்டேன். அதற்கப்புறம் பார்த்ததெல்லாம் அதே இடத்தில், அதே வேளையில்தான். கோட்டுக்குக் கீழே இறங்கியது. சரி, ஒழுக்குதான்.

அப்படியானால் தரை ஏன் நனையவில்லை? ஓடுகிற இன்ஜினில் கூலன்ட் ஏறக்குறைய 90 டிகிரி செல்சியஸில் இருக்கும், அது கசிந்து விழுகிற உலோகமும் சூடாகத்தான் இருக்கும். மயிரிழை விரிசல் வழியாக வருகிற கூலன்ட் அங்கேயே காய்ந்துவிடுகிறது, கீழே சொட்டுகிற அளவுக்குச் சேருவதே இல்லை. ஆனால் அதில் கலந்திருக்கிற சாயமும் துருத் தடுப்பு உப்புகளும் ஆவியாகாது, கசிந்த இடத்திலேயே வெள்ளையாகவோ பச்சையாகவோ ரோஸ் நிறத்திலோ பொருக்காகப் படிந்துவிடும். அதனால் ஈரத்தைத் தேடுவதை விட்டுவிட்டுப் பொருக்கைத் தேட வேண்டும். டார்ச்சும் ஒரு சின்னக் கண்ணாடியும் இருந்தால் போதும். பார்க்க வேண்டிய இடங்கள் முக்கியமாக ஹோஸ்களின் முனைகள், சூட்டுக்கேற்பக் கூலன்ட் பாதையைத் திறந்து மூடுகிற தெர்மோஸ்டாட் இருக்கிற பிளாஸ்டிக் கூடு, ரேடியேட்டரின் அலுமினியமும் பிளாஸ்டிக்கும் சேருகிற விளிம்பு, அப்புறம் வாட்டர் பம்ப். பம்பின் அடியில் வேண்டுமென்றே ஒரு சின்ன ஓட்டை விட்டிருப்பார்கள், உள்ளே சீல் தேய்ந்தால் கூலன்ட் பேரிங்குக்குள் போகாமல் அந்த வழியே வெளியே வந்துவிடும். அங்கே நீளமாகக் கோடு இறங்கியிருந்தால் பம்புக்கு வயதாகிவிட்டது.

இடையில் ஒன்று: ஏசி போட்டு ஓட்டிவிட்டு நிறுத்தினால் முன்பக்கம் அடியில் தண்ணீர் சொட்டும். அதைப் பார்த்துப் பதறுகிறவர்கள் நிறைய. தொட்டுப் பாருங்கள், நிறமும் வாசனையும் வழவழப்பும் இல்லாவிட்டால் அது ஏசித் தண்ணீர். நாக்கில் வைத்துப் பார்க்கிற வேலை மட்டும் வேண்டாம், கூலன்டில் பெரும்பாலும் இருப்பது எத்திலீன் கிளைக்கால், அது இனிக்கும், ஆனால் விஷம். நாய் பூனைகள் நக்கிவிட்டுச் செத்துப்போவது இதனால்தான்.

வெளியே எதுவும் தெரியாவிட்டால் கூலன்ட் உள்ளே போகிறது என்று சந்தேகப்பட வேண்டும். டேஷ்போர்டுக்குப் பின்னால் இருந்து, கூலன்ட் சூட்டில் காருக்குள் வெப்பக் காற்று தருகிற ஹீட்டர் கோர் கசிந்தால் கால் மிதியடி நனையும், காருக்குள் இனிப்பு வாடை அடிக்கும், முன் கண்ணாடியின் உட்புறம் துடைத்தாலும் போகாத ஒரு பிசுக்கு படியும். இன்ஜினின் மேல் பாகமான ஹெட்டுக்கும் அதன் கீழே இருக்கிற பிளாக்குக்கும் நடுவில் அடைப்பாக இருக்கிற ஹெட் கேஸ்கெட் போயிருந்தால் விவகாரம் பெரிது. இன்ஜின் சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காது, கூலன்ட் டேங்கில் குமிழி வந்துகொண்டே இருக்கும், ஆயில் பால் கலந்த காபி நிறத்துக்கு மாறலாம். இதை உறுதிப்படுத்த மெக்கானிக்குகளிடம் ஒரு நீல திரவம் உண்டு. டேங்க் வாயில் வைத்துக் காற்றை அதன் வழியே இழுப்பார்கள், எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். என் வண்டியில் அது நீலமாகவே இருந்தது, எனக்கு மூச்சு வந்தது.

முதலில் போன ஒர்க்‌ஷாப்பில் ரேடியேட்டரை மாற்றிவிடலாம் என்றார்கள். எங்கே ஒழுகுகிறது என்று கேட்டால் "பழைய வண்டின்னா அதுவாத்தான் இருக்கும்" என்றார்கள். ஊகத்துக்கு ரேடியேட்டர் மாற்றுவதற்கு நான் தயாராக இல்லை. இன்னொரு இடத்தில் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொன்னேன். கூலன்ட் நிரப்புகிற வாயின் மூடியான கேப் இருக்கிற இடத்தில், அழுத்தம் காட்டுகிற கேஜ் வைத்த கைப் பம்பை மாட்டி, கேப்பில் எழுதியிருக்கிற அளவுக்கு, பொதுவாக 1 பார் பக்கத்தில், காற்றை ஏற்றுவார்கள். முள் இறங்கினால் கசிவு. ஓட்டிக்கொண்டு போன சூட்டோடு செய்த டெஸ்டில் முள் அசையவே இல்லை! அந்த மெக்கானிக் கெட்டிக்காரர், "ராத்திரி வண்டி இங்கேயே நிக்கட்டும், காலையில ஆறினப்புறம் போட்டுப் பார்ப்போம்" என்றார். காலையில் போட்டதும் முள் மெல்ல மெல்ல இறங்கியது. இன்ஜினுக்குப் பின்பக்கம், மேலிருந்து பார்த்தால் தெரியாத ஒரு ஹோஸ், பிளாஸ்டிக் கூட்டில் மாட்டுகிற இடத்தில் ரோஸ் நிறப் பொருக்கு, அதன் ஓரத்தில் புதிதாக ஒரு துளி. சூட்டில் எல்லாம் விரிந்து இறுகிக்கொள்கிறது, குளிர்ந்தால் சுருங்கி வழி விடுகிறது. ஆறின வண்டியில் டெஸ்ட் செய்யாமல் "லீக் இல்லை" என்று அனுப்பிவிட்டால் நம்பாதீர்கள். டெஸ்டரில் கேப்பையும் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், ஸ்பிரிங் தளர்ந்த கேப்பும் கூலன்டைத் துரத்தும்.

ஊற்றிக்கொண்டே ஓட்டினால் என்ன என்று கேட்கலாம். வழியில் வேறு கதியில்லை என்றால் தண்ணீர் ஊற்றத்தான் வேண்டும், வறண்டு ஓடுவதைவிட அது மேல். ஆனால் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த கூலன்ட் திறந்த பாத்திரத்திலேயே 106 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும், மூடிய அமைப்பின் அழுத்தத்தில் இன்னும் மேலே போகும். தண்ணீர் சேரச்சேர அந்த வரம்பும் இறங்கும், துருத் தடுப்பும் நீர்த்துப்போகும், குழாய்த் தண்ணீராக இருந்தால் உப்பும் படியும். அதைவிட எனக்குப் பயம் டெம்பரேச்சர் முள்தான். பல கார்களில் அந்த முள் ஒரு பெரிய இடைவெளி முழுக்க நடுவிலேயே நிற்கும்படி வைத்திருக்கிறார்கள், அது கிளம்பும்போது காரியம் முற்றியிருக்கும். சென்சார் இருக்கிற மட்டத்துக்குக் கீழே கூலன்ட் போய்விட்டால், காற்றில் தொங்குகிற சென்சார் சூட்டைக் குறைத்தே காட்டும். அலுமினிய ஹெட் வளைவதற்கு அந்த நேரம் போதும்.

ஊற்றினால் ஓட்டை அடைபடும் என்று விற்கிற பாட்டில்களும் இருக்கின்றன. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஓட்டையை அடைக்கிற அதே பொருள் ஹீட்டர் கோரின் சன்னமான குழாய்களையும் அடைக்கும், தளர்ந்த ஹோஸையோ தேய்ந்த பம்ப் சீலையோ அது சரிசெய்யாது.

ஹோஸையும் கிளாம்பையும் மாற்றினோம். திரும்பக் கூலன்ட் நிரப்பும்போது இரண்டு விஷயம். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், வண்டியின் கையேட்டில் எந்த வகை என்று எழுதியிருக்கிறதோ அதையே வாங்குங்கள், கலக்க வேண்டியது என்றால் டிஸ்டில்டு வாட்டரில் கலங்கள். அப்புறம் உள்ளே சிக்கின காற்றை வெளியேற்ற வேண்டும். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து இன்ஜினை ஓடவிட்டு, சில வண்டிகளில் அதற்கென்று இருக்கிற ஸ்க்ரூவைத் தளர்த்திக் குமிழி நிற்கும்வரை பார்க்க வேண்டும். காற்று வெளியேறினால் மறுநாள் மட்டம் கொஞ்சம் இறங்கும், மறுபடி ஒழுகுகிறது என்று நினைக்க வேண்டாம், இன்ஜின் ஆறியபின் கேப்பைத் திறந்து நிரப்பிக்கொள்ளலாம். சூட்டில் மட்டும் கேப்பில் கை வைக்காதீர்கள், அழுத்தம் விட்டதும் கொதிக்கும் கூலன்ட் முகத்தில்தான் வந்து அடிக்கும்.

"கழட்டினதோட பக்கத்து ஹோஸையும் மாத்திடலாமா, அதுவும் அதே வயசுதான்" என்று மெக்கானிக் கேட்டார். விரலால் அழுத்திப் பார்த்தேன், முனை ஊறிப் பஞ்சுபோல் இருந்தது. மாற்றிவிடச் சொன்னேன். ரேடியேட்டர் பழையதேதான், நன்றாக இருக்கிறது.