மேல ஒண்ணும் பெருசா இல்லைம்மா

சொன்னது நான்தான். யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி மலை ஏறும் வழியில், கமலக்கண்ணி அம்மன் கோயிலைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அந்த அம்மா இடுப்பில் கைவைத்து நின்று, "இன்னும் எவ்ளோ இருக்கு தம்பி, மேல என்ன இருக்கு?" என்று கேட்டார். "மேல ஒண்ணும் பெருசா இல்லைம்மா" என்றேன். ஒன்பது வருடமாகப் புதுச்சேரியிலிருந்து செஞ்சிக்கு ஆட்களைக் கூட்டிப் போகிறேன். மேலே இருப்பதைப் பெருசு பெருசு என்று சொல்லித்தான் சம்பளம் வாங்குகிறேன்.

அவர் அதோடு விடவில்லை. "ரங்கநாதர் கோயில் இருக்காமே?" என்றார். "சின்னக் கோயில்தாம்மா. மீதியெல்லாம் பாழடைஞ்ச கட்டடம்." "அப்படியா. அப்போ சரி." முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பிக் கோயில் நிழலுக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். மஞ்சள் பையை மடியில் இறுக்கிக்கொண்டார், குரங்குக்குப் பயந்து. அவ்வளவுதான் நடந்தது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து வந்த குடும்பம். மகன், மருமகள், ஏழெட்டு வயதுப் பேரன், இந்த அம்மா. 2025 ஜூலையில் மராட்டியக் கோட்டைகளோடு செஞ்சியையும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்த பிறகு வர ஆரம்பித்த கூட்டத்தில் அவர்களும் ஒருவர். "பக்கத்துலயே இருந்துட்டு பாக்கலைன்னா எப்படி சார்" என்று மகன் சொன்னார். வேனில் மொத்தம் பதினொரு பேர், நான் ஒருவன்.

அந்த அம்மாவுக்கு மூச்சு வாங்கியது உண்மை. முகம் சிவந்திருந்தது. புரட்டாசி வெயில், பதினொன்றரை மணி, பாறை அடுப்புக்கல் மாதிரி கொதிக்கிறது. எண்ணூறு அடி மலையில் பாதிகூட வரவில்லை. யாராவது மயங்கி விழுந்தால் இறக்கிக்கொண்டு வர அங்கே டோலியா இருக்கிறது? நாலு பேர் தூக்கித்தான் இறக்க வேண்டும். அப்படி ஒருவரை நான் இறக்கியிருக்கிறேன். அதனால் நான் சொன்னதில் தப்பில்லை என்று ஒரு பக்கம் தோன்றுகிறது.

ஆனால் மூச்சு வாங்கினால் "கொஞ்சம் உக்காந்துட்டு மெல்ல வாங்கம்மா" என்று சொல்லியிருக்கலாமே? எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். "முடியலைன்னா வேண்டாம்மா" என்றாவது சொல்லியிருக்கலாம். அது அவர் உடம்பைப் பற்றிய பேச்சாக இருந்திருக்கும். நான் மலையைப் பற்றிப் பொய் சொன்னேன்.

ஏன் என்று யோசித்தால் ஒவ்வொரு நாள் ஒவ்வொரு காரணம் வருகிறது. டிரைவருக்கு ஆறரை மணிக்கு இன்னொரு சவாரி இருந்தது, காலையிலிருந்தே அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். மகன் என்னைப் பார்த்த பார்வையும் இருக்கிறது. 'நீங்களே சொல்லிடுங்க' என்கிற பார்வை. அம்மாவிடம் தான் சொன்னால் சண்டையாகும், கைடு சொன்னால் கேட்டுக்கொள்வார். இந்த வேலையில் பாதி நேரம் குடும்பங்கள் தங்களுக்குள் சொல்ல முடியாததை நாம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

மூன்றாவது காரணம் ஒன்று உண்டு. அதை எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

வேன் திண்டிவனம் தாண்டியதும் நான் வழக்கமாகத் தேசிங்கு ராஜன் கதையை எடுப்பேன். கோட்டையின் வரலாறு பெரியது: சிவாஜி 1677இல் பிடித்தது, அவர் மகன் ராஜாராம் உள்ளே இருக்க 1690 முதல் 1698 வரை முகலாயப் படை முற்றுகையிட்டது, 1750இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ராத்திரியோடு ராத்திரியாக ஏறிப் பிடித்தது. இதெல்லாம் சொன்னால் பாதிப்பேர் தூங்கிவிடுவார்கள். 1714இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானை எதிர்த்து இளவயதில் செத்த தேசிங்கு என்றால் எழுந்து உட்காருவார்கள். அன்றும் சொன்னேன். நீலவேணிக் குதிரையில் ஏறித் தேசிங்கு போருக்குப் புறப்பட்டான் என்றேன்.

"தம்பி, நீலவேணி அவன் சிநேகிதனோட குதிரை. தேசிங்கு குதிரை பாராசாரி" என்றார் அந்த அம்மா, கடைசி சீட்டிலிருந்து. சத்தமாகக்கூட இல்லை. அவர் அப்பா ராத்திரியில் கதைப்பாட்டை ராகம் போட்டுப் படிப்பாராம். வேனில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து, "ஆமாம்மா, வாய் தவறிடுச்சு" என்றேன். வாய் தவறவில்லை. ஒன்பது வருடமாக நான் அப்படித்தான் சொல்லிவந்திருக்கிறேன்.

அந்தக் கோபம்தான் மலையில் வெளியே வந்ததா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். அந்த நிமிடத்தில் குதிரை ஞாபகமே இல்லை. ஆனால் ஞாபகம் இல்லை என்பதை நானேதான் சொல்லிக்கொள்கிறேன்.

மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு மேலே போனேன். உச்சிக்கு முன்னால் இருக்கிற பிளவில், இருபத்துநாலு அடி அகலம், அறுபது அடி ஆழம், அதன்மேல் போட்ட பாலத்தில் நின்று, பத்துப் பேர் இருந்தால் ஒரு படையையே நிறுத்தலாம் என்று வழக்கமான வசனத்தைச் சொன்னேன். எனக்கே தொண்டை கொஞ்சம் அடைத்தது. மேலே காற்று அப்படி அடித்தது. கோட்டையின் மற்ற இரண்டு மலைகளில் கிருஷ்ணகிரி ஒரு பக்கம், சந்திராயன்துர்க்கம் ஒரு பக்கம், கீழே கல்யாண மகால் தீப்பெட்டி போல. பேரன் பீரங்கியின் மேல் ஏறப் பார்த்தான், இறக்கிவிட்டேன். அதில் பொறித்திருக்கும் எண்ணை விரலால் தடவிக்கொண்டே இருந்தான். பிறகு அப்பா போனில் படம் எடுத்தான்.

இறங்கி வந்தபோது அந்த அம்மா அதே இடத்தில் இருந்தார். பக்கத்தில் வெள்ளரிப்பிஞ்சுத் தோல். "பாட்டி, பீரங்கி பாரு, நம்பர் எல்லாம் போட்டிருக்கு" என்று பேரன் போனை நீட்டினான். அவர் தூரப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். ஏழு, அஞ்சு, ஆறு, சைபர். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பெருசாத்தான் இருக்கு தம்பி."

கோபம் இல்லை, குத்தலும் இல்லை. பீரங்கியைத்தான் சொன்னார். நிச்சயம் பீரங்கியைத்தான். இதையே எனக்கு நானே எத்தனை முறை சொல்லிக்கொண்டேன் என்று கணக்கில்லை.

சரி, அதற்கப்புறம் நான் திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். அடுத்த மாதம் அதே இடத்தில் ஒரு பெரியவர் அதே கேள்வியைக் கேட்டார். "நிறைய இருக்கு சார், மெதுவா ஏறலாம்" என்றேன். ஏறினார். இறங்கும்போது முழங்கால் நடுங்கி, ஒவ்வொரு படிக்கும் என் தோளைப் பிடித்துக்கொண்டு, வேன் ஒன்றேகால் மணி நேரம் தாமதம். ஆபீசில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்தப் பெரியவர் போகும்போது நன்றிகூடச் சொல்லவில்லை, வலியில் முகம் சுண்டியிருந்தது. அதற்கடுத்த வாரம் இன்னொரு அம்மாவிடம், "மேல ஒண்ணும்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். நிறுத்தினேனே தவிர, வேறு என்ன சொல்வது என்று வரவில்லை. அவரே திரும்பிவிட்டார்.

அன்று சாயங்காலத்தைச் சொல்லவில்லை. கடற்கரைச் சாலையில் வேன் நின்றதும் எல்லோரும் கலைந்தார்கள். மஞ்சக்குப்பத்துக் குடும்பம் மட்டும் காந்தி சிலைப் பக்கம் போனது. காலையில் அங்கே வைத்துத்தான் சொல்லியிருந்தேன், சிலையைச் சுற்றி நிற்கிற இந்தக் கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் கொண்டுவந்தவை என்று. அந்த அம்மா ஒரு தூணின் செதுக்கலில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். உப்புக்காற்றில் பிசுபிசுவென்று இருக்கும் அந்தக் கல். மகன் போனைத் தூக்கிப் பிடிக்க, "அந்தத் தம்பியையும் கூப்பிடுடா" என்றார்.

போய்ப் பக்கத்தில் நின்றேன். அந்தப் படத்தில் என் முகம் எப்படி இருக்கிறது என்று தெரியாது. அது அவர்கள் போனில்தான் இருக்கிறது.