இந்த வாரம் காதில் ஓடியவை

திங்கட்கிழமை காலை கோலாலம்பூர் போகும் கூட்டரசு நெடுஞ்சாலையில் வழக்கம்போல நெரிசல், மின்னல் எப்.எம். வானொலியில் 'ராக்கம்மா கையத் தட்டு'. 1991-இல் வந்த 'தளபதி' பாட்டு, எத்தனையோ தடவை கேட்டாயிற்று, ஆனாலும் அந்த ஆட்டம் சட்டென்று அடங்கி 'குனித்த புருவமும்' என்று அப்பர் தேவாரம் பெண் குரல்களில் எழும் இடத்தில், ஸ்டீயரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்த விரல் தானாக நின்றுவிடும். பின்னாலிருந்து ஹார்ன் அடித்தார்கள். சரி, அடிக்கட்டும்.

புதன்கிழமை பிரிக்பீல்ட்ஸில் தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) குடிக்கும்போது பக்கத்து மேசைப் பையனின் கைப்பேசியில் நம்ம மலேசிய ராப் குழு யோகி பி - நட்சத்திராவின் 'மடை திறந்து'. 2006-இல் 'வல்லவன்' ஆல்பம் வந்தபோது இதற்காக அக்காவோடு பெரிய சண்டையே நடந்தது. 'நிழல்கள்' படத்துக்கு 1980-இல் இளையராஜா போட்டதை இப்படியா கெடுப்பது என்பாள். எனக்கோ இந்த ராப் வழியாகத்தான் எஸ்.பி.பி. பாடிய மூலப் பாட்டே அறிமுகம்!

அப்புறம் வெள்ளிக்கிழமை, பாத்திரம் கழுவும்போது, தோட்டத் தொழிலாளர்களின் பாட்டைச் சொல்லும் 'என்ஜாய் எஞ்சாமி' ஓடியது. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய (பால் எடுக்க மரத்தைக் கீறிய) பாட்டி கூடத்தில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் கேட்டார். முடிந்ததும், "இன்னொரு வாட்டி போடு" என்றார்.