நிண்ட இடத்திலயே நிக்கிற வேகம்

போன திருவிழாவுக்கு தவில் வாசிக்க வந்த சித்தப்பா திருகோணமலை உவர்மலையில இருக்கிற எங்கட வீட்டில தான் தங்கினவர். பின்னேரம் நான் அறைக்குள்ள ஆர்க்ஸ்பயர் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தன், கனடா வான்கூவர் பெடியள், டெக்னிக்கல் டெத் மெட்டல் எண்ட, வேகமும் சிக்கலும் உறுமல் குரலுமா இருக்கிற மெட்டல் வகையில இண்டைக்கு இருக்கிற ஆக வேகமான பேண்டுகளில ஒண்டு. சித்தப்பா கதவடியில நிண்டு ஒரு ரெண்டு நிமிசம் ஒண்டும் பேசாமக் கேட்டார். லயத்திலயே வாழ்ற மனுசன் எல்லோ, இந்த வேகத்தைக் கேட்டு அசந்து போவார் எண்டு நினைச்சு "எப்பிடி சித்தப்பா ஓட்டம்?" எண்டு கேட்டன். அவர் சொன்னது இதுதான்: "தம்பி, உது எங்க ஓடுது? நிண்ட இடத்திலயே எல்லோ நிக்குது."

எனக்கு மனசு சரியா நொந்து போச்சு. பதினைஞ்சு வருசமா கேக்கிற இசை. ஆனா அவர் ஏனோதானோ எண்டு எதையும் கேக்கிற ஆள் இல்ல, அதால அண்டைக்கு இரவு முழுக்க இதைத்தான் யோசிச்சுக்கொண்டு கிடந்தன், பிறகு எழும்பி கணக்கும் போட்டுப் பாத்தன்.

இந்த இசை கேக்கிற ஆக்கள் நாங்கள் வேகத்தை பீபீஎம்ல தான் கதைப்பம், நிமிசத்துக்கு எத்தினை பீட் எண்டு. 240 பீபீஎம்ல டபுள் பேஸ், அதாவது ரெண்டு காலாலயும் கிக் டிரம்மை மிதிச்சு அடிக்கிறது, ஒரு பீட்டுக்கு நாலு அடி அடிச்சா செக்கனுக்கு 16 அடி. 280 எண்டா கிட்டத்தட்ட 19. மனுசக் காதுக்கு செக்கனுக்கு ஏறக்குறைய 20 தரம் வரைக்கும் தான் ஒவ்வொரு அடியும் தனித்தனி அடியாக் கேக்கும், அதுக்கு மேல போனா அடியெல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரு உறுமலா, ஒரு சுருதியா மாறத் தொடங்கும். கந்தளாய் பக்கம் வயல்ல லேண்ட்மாஸ்டர் உழவு மெஷின் ஓடுறதைக் கேட்டவைக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்ல. ஒத்தை சிலிண்டர் டீசல் எஞ்சின், ரெண்டு சுத்துக்கு ஒருக்கா தான் வெடிக்கும், சும்மா நிக்கேக்க டக் டக் டக் எண்டு எண்ணலாம், நிமிசத்துக்கு 2400 சுத்து வரைக்கும் முறுக்கினா செக்கனுக்கு 20 வெடி, அந்த இடத்தில எண்ணுற வேலை முடிஞ்சுது, இனி அது ஒரே சத்தம். அப்ப எங்கட டிரம்மர்மார் வாசிக்கிறது சரியா அந்த விளிம்பில. இன்னும் கொஞ்சம் கூட்டினா காதுக்கு வேகம் கூடாது, வேகம் எண்ட ஒண்டே இல்லாமப் போயிரும்.

அதோட அந்த பீபீஎம் கணக்கே ஒரு நிலையான கணக்கில்ல. ஒரு பகுதியை ஒருத்தர் 280 எண்டுவார், இன்னொருத்தர் அதையே 140 எண்டு எண்ணுவார், ரெண்டு பேரும் கேட்டது ஒரே அடிதான், எங்க பீட் விழுது எண்டு மனசு எடுத்த இடம் தான் வேற. ஆக்களை சும்மா ஒரு மேசையில வசதியான வேகத்தில தட்டச் சொன்னா பெரும்பாலும் நிமிசத்துக்கு 100, 120 அந்தப் பக்கமாத் தான் தட்டுவினம். அதைவிட மிச்சம் வேகமா வாறதை உடம்பு பீட்டா எடுக்காது, ரெண்டு ரெண்டாவோ நாலு நாலாவோ கட்டி ஒரு பீட் ஆக்கிக்கொள்ளும். அப்ப 280 எண்டு பெருமையாச் சொல்லுற பாட்டுக்கு எங்கட தலை ஆடுறது 140க்கு, சில இடத்தில 70க்கு.

மார்கழி மழை தகரத்தில கொட்டுறதை யோசிச்சுப் பாருங்கோ. எத்தினை துளி விழுது செக்கனுக்கு, ஆயிரக்கணக்கா இருக்கும், ஆனா ஆரும் மழை வேகமாக் கேக்குது எண்டு சொல்றதில்ல, பலமாக் கேக்குது எண்டு தான் சொல்லுவம். அதே மழை விட்டு பீலியில இருந்து சொட்டு சொட்டா விழுந்து, திரும்ப மழை பிடிக்கத் தொடங்கி சொட்டு கிட்டக் கிட்ட வரேக்க தான் "ஓ, வேகமா வருது" எண்டு தெரியும். இரவு கொழும்பு பஸ்ஸில போறவைக்கும் இது விளங்கும். கந்தளாய் தாண்டி ஹபரண பக்கம் காட்டு ரோட்டில டிரைவர் மிதிச்சுக்கொண்டு போவார், உள்ளுக்குள்ள நித்திரை தான் வரும். எதிர்ல ஒரு லொறி வந்து விர்ர் எண்டு கடந்து போற அந்த ஒரு கணத்தில தான் நெஞ்சு பக் எண்டும். ஓடுறதுக்குப் பக்கத்தில ஓடாத ஒண்டு வேணும், இல்லாட்டி ஓடுறது தெரியாது.

அடுத்த நாள் காலமை தேத்தண்ணி குடிக்கேக்க இதைச் சித்தப்பாட்டச் சொன்னன். அவர் சிரிச்சுப்போட்டு மேசையில ஆதி தாளம் போட்டார், ஒரு தட்டுக்கு ஒரு செக்கன் அளவில. வாயால நாலு சொல் ஒரு தட்டுக்கு. பிறகு எட்டு. பிறகு வாயை விட்டுட்டு மற்றக் கை விரலால பதினாறு. தாளம் போட்ட கை அசையவே இல்ல, அதே வேகம், அதே அமைதி. எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது, ஏனெண்டா தட்டுக்கு ஒரு செக்கன், அதுக்குள்ள பதினாறு எண்டா அது 240 பீபீஎம் டபுள் பேஸ் தான், ஒரு அடி கூடவும் இல்ல, குறையவும் இல்ல. ஆனா இது பறக்கிற மாதிரி இருந்துது, நேற்று ஸ்பீக்கர்ல போனது நிக்கிற மாதிரி இருந்துது எண்டு அவர் சொன்னதும் உண்மை. வித்தியாசம் அந்த மற்றக் கை. அதோட நாலில இருந்து எட்டு, எட்டில இருந்து பதினாறு எண்டு ஏறி வந்த பாதை.

தவில் வித்துவான் அளவெட்டி தட்சிணாமூர்த்தியின்ர பழைய ஒலிப்பதிவுகளை சித்தப்பா அடிக்கடி போட்டுக் கேப்பார், அதில எனக்கு எப்பவும் பிடிச்சது அந்த விரைவு அடிகளுக்கு நடுவில வாற இடைவெளி தான், மூச்சு விடுற மாதிரி. தவிலின்ர வலப்பக்கம் வலந்தலையின்ர கூரான சத்தமும் இடப்பக்கம் தொப்பியின்ர அடிச்சத்தமும் ஒண்டோட ஒண்டு கலக்காம நிக்கும். மெட்டல்லயும் இதே பிரச்சினை இருக்கு. 240ல ரெண்டு அடிக்கு நடுவில 62 மில்லிசெக்கன் தான் இடம், கிக் டிரம்மின்ர சத்தம் கும் எண்டு நீண்டா அடுத்த அடியை மூடிப்போடும், அதால தான் இந்த ரெக்கோர்டிங்குகளில கிக் கும் எண்டு இல்லாம டிக் எண்டு கேக்கும், டிரம்மில டிரிகர், அதாவது ஒவ்வொரு அடிக்கும் பதிஞ்சு வைச்ச சத்தத்தைக் குடுக்கிற கருவி, பூட்டுறதுக்கு ஒரு காரணமும் இதுதான். அதை டைப்ரைட்டர் சத்தம் எண்டு குறை சொல்லுற ஆக்கள் இருக்கினம், எனக்கு அது குறையாத் தெரியேல்ல. சின்ன சீமேந்து அறைக்குள்ள மலிவு புளூடூத் ஸ்பீக்கர்ல போட்டா சுவர் எதிரொலி அந்த 62 மில்லிசெக்கனையும் நிரப்பிப்போடும். சித்தப்பா கதவடியில கேட்டது அதைத்தான், அந்தப் பிழை என்ர.

நெக்ரோபேஜிஸ்ட் எண்ட ஜெர்மன் பேண்டின்ர 1999 ஆல்பத்தில டிரம்ஸ் புரோகிராம் பண்ணினது, 2004 ஆல்பத்தில ஹானெஸ் கிராஸ்மன் எண்ட மனுசன் வாசிச்சது. ரெண்டையும் அடுத்தடுத்துக் கேட்டா எனக்கு ரெண்டாவது தான் வேகமா இருக்கும். மெஷின் ஒரே பலத்தில அடிக்கும், மனுசன்ர கை ஒரு அடியைக் கொஞ்சம் அழுத்தும், ஒண்டை விடும், அந்த ஏற்ற இறக்கத்தில காது பிடிச்சு ஏறும். பதிவு முடிஞ்சு கடைசியாச் சத்தத்தைச் சரிப்படுத்துற மாஸ்டரிங்ல எல்லாத்தையும் உச்சத்துக்குத் தள்ளி நசுக்கின ஆல்பங்கள் மூண்டாவது பாட்டிலயே அலுக்கிறதும் இதாலதான், காது பழகிப் போகும்.

வேகம் வேற, உக்கிரம் வேற எண்டதும் எனக்குப் பிந்தித்தான் விளங்கினது. கனடா பேண்ட் கோர்கட்ஸ் 1998ல போட்ட ஆல்பம் இருக்கு, அதில மெதுவான இடங்கள் எவ்வளவோ, ஆனா அதைக் கேக்கேக்க வயித்தைப் பிசையும். சுருதி சேராத ரெண்டு நோட்டு உரசினா அந்த உரசல் செக்கனுக்கு பத்துக் கணக்கில அதிரும், 30க்கும் 150க்கும் இடையில சத்தம் ஏறி இறங்கினா காது அதைக் கரகரப்பு எண்டு எடுக்கும். மனுசன் பயத்தில கத்துற கத்தல்லயும் இருக்கிறது அதே கரகரப்புத் தான். டெத் மெட்டல்ல க்ரௌல் எண்ட உறுமல் குரல்ல பாடேக்க குரல்நாணுக்கு மேல இருக்கிற போலி நாண்களும் சேர்ந்து அதிர்றதால அங்கயும் அதே வேலை நடக்குது. இதுக்கும் பீபீஎம்முக்கும் சம்பந்தமே இல்ல. சஃபகேஷன் எண்ட அமெரிக்க பேண்ட் 1991லயே இதைப் பிடிச்சிட்டினம், பிளாஸ்ட் பீட் எண்ட இடைவிடாத வேக அடியில ஓடிக்கொண்டு வந்து சட்டெண்டு பாதி வேகத்துக்கு விழுத்துவினம், அந்த விழுற இடம் தான் ஆகப் பாரமா இருக்கும்.

சித்தப்பா வெளிக்கிட முதல் நாள் இரவு என்ர ஹெட்போனை அவருக்குக் குடுத்து அதே ஆர்க்ஸ்பயர் பாட்டைத் திருப்பிப் போட்டன். இந்தமுறை முதல்லயே அவர்ர முழங்கால்ல நான் மெதுவாத் தட்டிக் காட்டினன், ஸ்னேர், அந்த கூரான சத்தமுள்ள சின்ன டிரம், எங்க விழுதெண்டு பாக்காதேங்கோ, கிட்டார் வரி எங்க திரும்பித் தொடங்குதெண்டு மட்டும் பிடியுங்கோ எண்டன். கொஞ்ச நேரத்தில என்ர கையைத் தள்ளிவிட்டுட்டு தானே தாளம் போடத் தொடங்கிட்டார், கண்ணை மூடிக்கொண்டு. அந்த பேண்ட் நட்ட நடுவில முழு ஓட்டத்தையும் சடாரெண்டு நிப்பாட்டும், ஒரு சத்தமும் இல்லாம. அந்த இடம் வந்துது. ஹெட்போன்ல இருந்து கசிஞ்ச சத்தமும் நிண்டுட்டுது, வெளியில டச் பே பக்கம் இருந்து காத்து மட்டும். சித்தப்பாவின்ர கை நிக்கேல்ல, ஒரு தட்டு, விரல், விரல், பிறகு அடுத்த தட்டு விழவும் பேண்ட் திரும்ப உள்ளுக்கு வரவும் சரியா இருந்துது.

கண்ணைத் திறந்து என்னைப் பாத்தார். "அந்த விட்ட இடத்தைத் திருப்பிப் போடு" எண்டார்.