முசுறுக் கூட்டத்தில் ஒரு சிலந்தி

எறும்பு வேடமிட்ட சிலந்தியைக் கண்டுபிடிக்கக் கால்களை எண்ணச் சொல்வார்கள். ஆறு என்றால் எறும்பு, எட்டு என்றால் சிலந்தி. கணக்கு சரிதான், ஆனால் மாமரத்தடியில் நிற்கும்போது உதவாது. இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் செவ்வெறும்பான முசுறைப் போலிருக்கும் மிர்மாபிளாட்டா பிளாட்டலியாய்டஸ் என்ற குதிக்கும் சிலந்தி, முன்னங்கால் இரண்டையும் தூக்கி உணர்கொம்பு மாதிரி ஆட்டும். மிச்சம் ஆறு கால்தான் கண்ணில் படும்.

முன்பக்கத்தைப் பாருங்கள். முசுறின் உணர்கொம்பு நம் முழங்கை போல ஓரிடத்தில் மடங்கி, தலையிலிருந்து கிளம்பும். சிலந்தி ஆட்டுவது தலைக்குப் பின்னாலிருந்து வரும் கால். முகத்தில் இரண்டு பெரிய கண்கள் நேராக உங்களையே பார்க்கும். பத்து மடங்கு லென்ஸ் இருந்தால் சந்தேகமே வராது. ஆண் சிலந்தியின் தாடை முன்னால் நீண்டு நுனியில் தடித்திருக்கும். ஓர் எறும்பு இன்னொன்றைக் கவ்விக்கொண்டு போவதாகவே தோன்றும்.

அதைவிட நல்ல அடையாளம் நடத்தை. விரலை அருகில் கொண்டுபோனால் முசுறு வயிற்றைத் தூக்கி, வாயைத் திறந்து எதிர்த்து நிற்கும். சிலந்தி இலையின் அடிப்பக்கம் ஒளியும், இல்லையென்றால் நூல்விட்டுத் தொங்கும். எறும்பு எதிரே வந்தாலும் விலகிப் போகும். மாட்டினால் எறும்புகள் கடித்துக் கொன்றுவிடும். இந்த வேடம் பறவையையும் குளவியையும் ஏமாற்றத்தான். அமிசியா என்ற நண்டுச் சிலந்தியோ முசுறையே பிடித்துத் தின்னும். அதன் பின்புறம் இருக்கும் இரு கரும்புள்ளிகள் எறும்பின் கண் போலத் தெரியும்.

தோட்டத்தில் நஷ்டம் தருவது வேறொரு வேடதாரி. அவரை, தட்டைப்பயறு, துவரையில் கறுப்பாக ஓடும் 'எறும்பு' பல நேரம் ரிப்டார்டஸ் என்ற நாவாய்ப்பூச்சியின் குஞ்சு. எறும்பு என்று விட்டுவிட்டால் காய் சுருங்கும், உள்ளே பயறு சூம்பிப் போகும். நிஜ எறும்பு பெரும்பாலும் அசுவினி என்ற சாறு உறிஞ்சும் சிறுபூச்சி இருக்கும் குருத்தில் கூட்டமாக மொய்க்கும். குஞ்சு காயின்மேல் அசையாமல் நிற்கும். பக்கவாட்டில் பார்த்தால் ஊசி போன்ற உறிஞ்சி காய்க்குள் இறங்கியிருக்கும். எறும்புக்குக் கடிக்கும் தாடைதான், உறிஞ்சி கிடையாது.

எறும்புப் பொடி தூவிப் பயனில்லை. காலையில் வெயில் ஏறுமுன் சோப்புத் தண்ணீர் உள்ள பாத்திரத்தைக் காய்க்கு அடியில் பிடித்துக் குஞ்சுகளைத் தட்டிவிடுங்கள். இறக்கை முளைத்துவிட்டால் கை வைக்குமுன் பறந்துவிடும், ஆகவே குஞ்சாக இருக்கும்போதே பிடிக்க வேண்டும்.